ஒன்பது மணிப் படகு

கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார ஆள் எடுக்கிறார்கள் என்று மச்சான்காரன் வந்து சொன்ன நாளிலிருந்து ஜெகதீசனுக்குச் சோறு இறங்கவில்லை. வல்லூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு. நீலச் சட்டை, கறுப்பு பெல்ட், கழுத்தில் ஒரு விசில். லாரி உள்ளே வந்தால் நம்பர் எழுத வேண்டும், வெளியே போனால் மறுபடியும் அதே நம்பரை எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முப்பது வருஷம் கடலில் கிடந்தவனுக்கு இதைவிட ஒரு கேவலம் உண்டா? ஆனால் முதுகில் டிஸ்க் நழுவிய ஆளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று குப்பத்தில் எல்லோரும் கேட்டார்கள். கேட்பார்கள், அவர்களுக்கென்ன.

வலை இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆகியிருந்தது. வலை இழுக்கக் கூடாது என்றாரே ஒழிய, படகு ஓட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெகதீசன் ஷாஸியாவிடம் போய் நின்றான்.

ஷாஸியா ராயபுரத்துப் பெண். படித்து முடித்து எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் தென்சென்னையில் இருப்பவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வடசென்னையைச் சுற்றிக் காட்டுகிறாள். பழைய ரயில்வே ஸ்டேஷன், மாதா கோயில், கல்மண்டபத்தில் ஆப்பமும் பாயாவும், அப்புறம் எண்ணூரைத் தாண்டி சங்குமேட்டுக் குப்பத்தில் கழிமுகத்தைச் சுற்றி ஒரு படகுச் சவாரி, மீனவர் வீட்டுச் சாப்பாடு. 'யாரும் பார்க்காத வடக்குக் கரை' என்று போனில் விளம்பரம் வேறு. யாரும் பார்க்காத கரையாம். சங்குமேட்டில் நானூறு குடும்பம் இருக்கிறது. அத்தனை பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டா திரிகிறார்கள்?

இருந்தாலும் ஜெகதீசன் அதையெல்லாம் வாயில் வைக்கவில்லை. "இந்த ஞாயித்துக்கெழமை ஒரு ட்ரிப்பு பாப்போம் அண்ணே," என்று ஷாஸியா சொல்லியிருந்தாள். "வர்றவங்களுக்குப் புடிச்சிப் போச்சுன்னா வாராவாரம் உங்க போட்டுதான். புடிக்கலன்னா பழவேற்காட்டுல ஒருத்தர் கேட்டுகினு கீறாரு, அவராண்ட போயிடுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

ஆக, ஞாயிறு நல்லபடியாக முடிந்தால் அவன் தண்ணீரில் இருப்பான். முடியாவிட்டால் திங்கட்கிழமை விசில். விஷயம் அவ்வளவுதான். இதற்குக் குறுக்கே வந்து படுத்தவர்தான் ராமதாஸ்.

படுத்தவர் என்றால் நிஜமாகவே படுத்தவர். அறுபத்தேழு வயசு, ஈரல் கெட்டுப்போய், இனிமேல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து நாலு நாள் ஆகியிருந்தது. அவர் உயிர் எந்த நேரம் போகும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. சங்குமேட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், சுடுகாட்டுக்கு எடுத்துப் போய் முடிக்கிறவரைக்கும் ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கடலானாலும் சரி, கழிமுகமானாலும் சரி. பணக்காரன் செத்தாலும் நிற்க வேண்டும், பிச்சைக்காரன் செத்தாலும் நிற்க வேண்டும். மீறினவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள். ஜெகதீசனே நாலு பேரை ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறான்.

வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது. இந்த மனுஷனுக்குச் சாவதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதானா கிடைத்தது என்று அவன் வயிறு எரிந்தது. நினைத்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதையேதான் நினைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு ராமதாஸ் வீட்டுக்குக் கிளம்பினான். அவன் பெண்டாட்டி சௌமியா வாசலில் இறாலை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாது, ஹார்லிக்ஸா? ஆறு வருசமா அந்தத் தெருப் பக்கம் தல வெச்சிப் படுக்காத ஆளு. ஒடம்பு எப்டிக் கீதுன்னு கேக்கப் போறியா, நாளிக்கு வரிக்கும் தாங்குவியான்னு கேக்கப் போறியா?"

"வேலயப் பாரு," என்றான் ஜெகதீசன்.

"நான் என் வேலயத்தான் பாத்துகினு கீறேன். ஒம்போது பேருக்கு எறால் உரிக்கிறேன். நாளிக்கு எதுனா ஆச்சின்னா இத்த யாரு தலையில கொட்றது?"

பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். ராமதாஸ் அவனுக்குப் பங்காளி முறையில் அண்ணன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் அவர் விரித்திருந்த வலையின் மேல் யாருடைய படகோ ஏறி, இன்ஜின் விசிறி வலையைக் கந்தலாக்கிவிட்டது. புது வலை. உன் படகுதான் என்றார் ராமதாஸ். என் படகு இல்லை என்று ஊர்க்கூட்டத்தில் அடித்துச் சொன்னான் ஜெகதீசன். பார்த்த சாட்சி யாரும் இல்லை, பேச்சு அத்தோடு நின்றது. ராமதாஸால் மறுபடி வலை வாங்க முடியவில்லை. ரெண்டு மாசம் பார்த்தார், அப்புறம் ஒரு குடோன் வாசலில் வாட்ச்மேனாகப் போய் உட்கார்ந்தார். அன்றைக்குத் தன் விசிறியில் சுற்றியிருந்த நீல நூலை ஜெகதீசன் பிளேடு வைத்து அறுத்து எடுத்ததும், அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டதும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். சௌமியாவிடம்கூடச் சொன்னதில்லை.

ராமதாஸ் வீட்டு வாசலில் அவர் பெண்டாட்டி மங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா ஜெகா, உள்ள வா," என்றாள். சமாதானம் பேச வந்திருக்கிறான் என்று அவள் நினைத்துவிட்டாள் போலிருந்தது. ஜெகதீசனுக்கு உடம்பெல்லாம் கூசியது. திருட வந்த வீட்டில் தட்டு வைத்துச் சோறு போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இரும்புக் கட்டிலில் ராமதாஸ் கிடந்தார். முகமும் கண்ணும் மஞ்சள். வயிறு மட்டும் மேலே நின்றது. ஜெகதீசன் ஹார்லிக்ஸை ஜன்னல் மேல் வைத்துவிட்டு நின்றான். அவர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.

"இன்னாடா."

"சும்மா. பாத்துட்டுப் போலாம்னு."

"போட்டு எத்தினி மணிக்கு?"

"இன்னா போட்டு?"

"நடிக்காத. நாளிக்கு ஆளுங்கள ஏத்திகினு போறியாமே. எத்தினி மணிக்கு?"

ஜெகதீசன் மங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் டீ போட அடுப்படிக்குப் போயிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒம்போதுக்கு," என்றான்.

"எப்ப கரைக்கு வருவ?"

"பதினொன்னுக்குள்ள வந்துருவேன்."

ராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தான். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியபோது கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"கேட்டுல கூப்ட்டாங்களாமே."

"ம்."

"அங்க கொசு ஜாஸ்தி," என்றார் ராமதாஸ்.

மறுநாள் விடியக்காலை நாலு மணிக்கெல்லாம் ஜெகதீசனுக்கு முழிப்பு வந்துவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். அந்தத் தெருவிலிருந்து அழுகைச் சத்தம் ஏதும் இல்லை. ஐந்தரை, இல்லை. கடலுக்குப் போன படகுகள் ஏழரைக்குத் திரும்பி வந்து மீனை இறக்கின, அப்போதும் இல்லை. குளித்துவிட்டு, படகைக் கழுவி, உட்காருகிற பலகைக்குச் சௌமியாவின் பழைய புடவையை மடித்துப் போட்டு, எட்டே முக்காலுக்குக் கரையில் ரெடியாக நின்றான். ஒன்பது மணிக்கு அவர்கள் வந்து ஏறி உட்கார்ந்தால் முடிந்தது. தண்ணீரில் இறங்கிவிட்டால் அப்புறம் நடப்பது நடக்கட்டும்.

ஒன்பது மணிக்கு வேன் வரவில்லை.

போன் பண்ணினான். "அண்ணே, கல்மண்டபத்துல கீறோம். ஆப்பம் வர லேட்டு, ஒரு பத்து நிமிசம்," என்றாள் ஷாஸியா. ஒன்பதரைக்குப் பண்ணினான். ஸ்டேஷனில் இறங்கிப் போட்டோ எடுக்கிறார்களாம். அந்த ஸ்டேஷன் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அதே இடத்தில்தான் நிற்கிறது. இன்றைக்கு ஒருநாள் அதைப் பார்க்காமல் வந்தால் எழுந்து எங்கேயாவது ஓடிவிடுமா? பத்து மணிக்குப் பண்ணினான். எண்ணூர் ரோட்டில் ட்ராஃபிக். பல்லைக் கடித்துக்கொண்டு போனை மடியில் செருகினான். ஒவ்வொரு போனுக்கும் நடுவில் அவன் கண் ராமதாஸ் வீட்டுப் பக்கம்தான் போயிற்று.

பத்தேகாலுக்கு வேன் வந்து நின்றது. அவர்கள் இறங்கி, சோம்பல் முறித்து, பாட்டில் தண்ணீர் குடிப்பதற்குள் ஜெகதீசன் ஒரே ஓட்டமாக ராமதாஸ் தெருவுக்குப் போனான். கதவு ஒருக்களித்திருந்தது. மங்கம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்தாற்போல் நின்றாள்.

"எப்டிக் கீறாரு அண்ணி?"

"தூங்குறாரு."

"உள்ள வந்து ஒரு வாட்டி..."

"வாணா. எழுப்பாத." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினாள். "நீ கெளம்பு. ஜல்தி போய்ட்டு ஜல்தி வா."

ஜெகதீசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதி அவனுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கரைக்குத் திரும்பிப் போகும்போது கால் தானாகவே வேகமாகத்தான் நடந்தது.

மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் எட்டுப் பேரை அவன் மறந்துவிடுவான், தொப்பி போட்ட பெரியவரை மட்டும் சாகிறவரைக்கும் மறக்க மாட்டான். ரிட்டயர்டு ஆனவர், கழுத்தில் பைனாகுலர். படகில் கால் வைக்கும் முன்பே, "தம்பி, எங்களை அவசரப்படுத்தக் கூடாது. நாங்க நிதானமா அனுபவிக்க வந்திருக்கோம்," என்றார். ஒரு அம்மா லைஃப் ஜாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு மீன் நாற்றம் அடிக்கிறது என்றாள். படகிலே மீன் நாற்றம் அடிக்காமல் மல்லிகைப்பூவா மணக்கும்? இன்னொரு பெண் மத்தியானச் சாப்பாட்டில் சைவம் இருக்கிறதா என்று விசாரித்தாள். ரசம் இருக்கிறது என்றான் ஜெகதீசன். அது நண்டு ரசம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எல்லோரையும் ஏற்றி இன்ஜினைக் கிளப்பியபோது மணி பத்து நாற்பது. ஒரு சுற்று ஒரு மணி நேரம். பன்னிரண்டுக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். யாரை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம் என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் போட்டோ. தொப்பிக்காரருக்குக் கரையில் நிற்கிற அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி இல்லாமல் ஒரு படம் வேண்டுமாம். "படகைக் கொஞ்சம் திருப்புங்க தம்பி." திருப்பினான். இந்தப் பக்கம் நிலக்கரி இறக்குகிற கிரேன் வந்து விழுந்தது. மறுபடி திருப்பச் சொன்னார். பாலம் வந்தது. இன்னும் கொஞ்சம் என்றார். கரண்டு டவர் வந்தது. நாலு திசையும் சுற்றிவிட்டு, கடைசியில் படகு ஓரத்தில் குனிந்து தண்ணீரை மட்டும் படம் எடுத்துக்கொண்டார். "என்ன அமைதியான இடம்," என்றார். ஜெகதீசன் ஷாஸியாவைப் பார்த்தான். அவள் மேகத்தைப் பார்த்தாள்.

அப்புறம் அலையாத்தி மரங்களுக்குப் பக்கத்தில், ஆழமில்லாத தண்ணீரில் மார்பு முங்க உட்கார்ந்து பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேற்றூர்ப் பெண்கள். பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ரெண்டு கையையும் சேற்றில் விட்டுத் துழாவுவார்கள். அதைப் பார்த்ததும் தொப்பிக்காரருக்குத் தானும் இறங்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

"சார், அடியில சேறு. சிப்பி கால அறுத்துரும்," என்றான் ஜெகதீசன்.

"பரவாயில்ல. இதுதான் அனுபவம்."

"மணி ஆவுது சார். தண்ணி வத்துச்சின்னா போட்டு தரை தட்டிரும்."

"தம்பி, வரும்போதே சொன்னேன்," என்றார் அவர்.

ஷாஸியா அவன் காதோரம் வந்தாள். "அண்ணே, இவுங்க சந்தோசமாப் போனாதான் மத்ததெல்லாம். கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிக்கோங்க."

சரிதான் என்று நங்கூரத்தைப் போட்டான். தொப்பிக்காரர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார், முழங்கால் வரை புதைந்தார், ஒரு பெண் அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். முப்பத்தைந்து நிமிஷம் துழாவி ஒரே ஒரு இறாலைப் பிடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதைத் தனியாக வறுத்துத் தன் இலையில் வைக்க வேண்டும் என்று தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு மூடி வைத்துக்கொண்டார். அந்தப் பெண்கள் பறியைக் கடித்திருந்ததால் சிரிக்க முடியாமல் தவித்தார்கள்.

மணி பதினொன்றே முக்கால். திரும்பலாமா என்றான். முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு தெரிந்தது, அங்கே இறங்கிக் கொஞ்சம் உட்காரலாமே என்றார்கள். உட்கார்ந்தார்கள். யாரோ பையிலிருந்து தர்பூசணி எடுத்தார்கள். சின்னப் பையன் மாதிரி ஒருவர் அலையில் ஓடிக் காட்டினார், அதைப் படம் எடுத்தார்கள், சரியாக வரவில்லை என்று மறுபடி ஓடினார். பிறகு ஜெகதீசனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஒரு மீனவர் பாட்டு பாடுங்கள் என்று கேட்டார்கள். தெரியாது என்றான். விடவில்லை. பரம்பரையாக வருகிற பாட்டு ஒன்றாவது இருக்கும் என்றார் தொப்பிக்காரர். கழுத்தறுப்பு தாங்காமல் வாய்க்கு வந்த ரெண்டு வரியைப் பாடினான். கண்ணை மூடித் தலையாட்டினார்கள். போன எலெக்‌ஷனில் ஆட்டோவில் மைக் கட்டிப் போட்ட பாட்டு அது என்று அவன் சொல்லவில்லை.

நடுநடுவே அவன் குப்பத்துப் பக்கம் பார்த்தபடிதான் இருந்தான். கரையில் ஒரு நடமாட்டமும் புதுசாகத் தெரியவில்லை. பந்தல் எழும்பவில்லை, கூட்டம் சேரவில்லை. மனுஷன் கெட்டிக்காரன், தாக்குப்பிடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். ஒரு நிமிஷம் ராமதாஸ் மேல் அவனுக்குப் பழைய பாசம்கூட வந்தது. சாயங்காலம் போய் உட்கார்ந்து, ரெண்டு வார்த்தை நிதானமாகப் பேச வேண்டும். அந்த நூல் விஷயத்தைக்கூடச் சொல்லிவிடலாம், சாகிற மனுஷனிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

பன்னிரண்டரைக்கு ஒருவழியாக ஏறினார்கள். அவன் பயந்தது நடந்தது. தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஒன்பது பேரும் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருக்க, டிஸ்க் நழுவினவன் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினான். முதுகில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் இருந்தது. "அவரு முதுகு சரியில்லாதவரு, யாராச்சும் எறங்குங்க," என்று ஷாஸியா சொன்ன பிறகு ரெண்டு பேர் இறங்கினார்கள். அதையும் ஒருவர் படம் எடுத்தார்.

படகு நகர்ந்து ஆழத்துக்கு வந்ததும் ஷாஸியா பின்பக்கம் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சிப் போச்சு. அந்தத் தொப்பி சாரு அடுத்த வாரம் சொந்தக்காரங்களக் கூட்டிகினு வராராம். முடிவு பண்ணிட்டேன். ஞாயிறும் உங்க போட்டுதான், சனிக்கெழமையும் உங்க போட்டுதான்."

"நெசமாவா?"

"நெசமா. பழவேற்காட்டுக்காரருக்குப் போன் பண்ணி இல்லன்னு சொல்லிடறேன்."

ஜெகதீசனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜினைப் பார்ப்பதுபோல் குனிந்தான். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் பறந்து போயிற்று. தொப்பிக்காரர்கூட நல்ல மனுஷனாகத் தெரிந்தார். நாளைக்குக் காலையில் அந்த யார்டுக்குப் போன் போட்டு, எனக்கு உங்கள் விசில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை எந்தக் குரலில் சொல்வது என்று மனசுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கரையில் சௌமியா தார்ப்பாயைக் கட்டி, கீழே பாய் விரித்து, இலை போட்டு வைத்திருந்தாள். இறால் தொக்கு வாசனை தண்ணீர் வரைக்கும் வந்தது. ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினான். தொப்பிக்காரர் தன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகச் சௌமியாவிடம் போனார். மணி ஒன்றேகால்.

அப்போதுதான் மங்கம்மா வருவதைப் பார்த்தான். தெருவிலிருந்து தனியாக, வெயிலில், செருப்பில்லாமல் மணலில் நடந்து வந்தாள். தார்ப்பாய்ப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் படகிடம் வந்து, அதன் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். ஈரமாக இருந்தது.

"எல்லாரும் எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு அண்ணி."

"இன்னிக்கு மறுபடியும் தண்ணிக்குப் போற வேல இல்லியே?"

"இல்ல. இன்னா அண்ணி? எப்டிக் கீறாரு?"

"ஒம்போது மணிக்கெல்லாம் போய்ட்டாரு," என்றாள் மங்கம்மா.

ஜெகதீசனுக்கு முதலில் புரியவில்லை. ஒன்பது மணிக்கு அவன் இதே கரையில்தானே நின்றான். பத்தேகாலுக்கு அவள் வாசலில் நின்று கேட்டானே. தூங்குகிறார் என்று அவள்தானே சொன்னாள்.

"ராத்திரியே சொல்லிட்டாரு," என்றாள். குரல் கட்டையாக, தேய்ந்துபோய் வந்தது. "எப்ப போனாலும் சரி, அவன் போட்டு போய்ட்டுத் திரும்பி வர வரிக்கும் நீ வாயத் தொறக்காதன்னாரு. கேட்டுல நான் குந்துனது போதும், அவனும் குந்த வாணான்னாரு. கட்டிக் குடுத்த பொண்ணுக்குக்கூடச் சொல்லல. பக்கத்து வூட்டுக்காரி வந்தா, தூங்குறாருன்னேன். ரெண்டு வாட்டி வந்தா, ரெண்டு வாட்டியும் அதான் சொன்னேன். கதவச் சாத்திகினு அவராண்டயே குந்திகினு கீறேன்."

ஜெகதீசன் அவள் கையிலிருந்த ஈரத் துண்டைப் பார்த்தான்.

"அவராண்ட பதினொன்னுக்கு வரேன்னு சொன்னியே ஜெகா," என்றாள் மங்கம்மா. "மணி ஒன்னு தாண்டிப் போச்சு. சத்தம் வந்துரப் போவுதுன்னு துண்ட வாயில அமுக்கி அமுக்கி, தாடை மரத்துப் போச்சுபா."

பின்னால் தார்ப்பாயின் கீழ் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சௌமியா அகப்பையோடு நின்று இந்தப் பக்கம் பார்த்தாள். தர்பூசணி, பாட்டு, அந்த ஒற்றை இறால், மணல் திட்டில் உட்கார்ந்து போக்கிய முக்கால் மணி நேரம், எல்லாம் ஜெகதீசனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர்களைக் குறை சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் சரி என்று தலையாட்டினவன் அவன்தான். மணலில் அப்படியே உட்கார்ந்தான்.

மங்கம்மா அவனைக் குனிந்து பார்த்தாள்.

"இப்ப நான் அழுவட்டா?" என்று கேட்டாள்.

"அழு அண்ணி," என்றான் ஜெகதீசன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. படகின் ஓரத்தைப் பிடித்த கையை எடுக்காமல், அங்கேயே நின்று அவள் அழ ஆரம்பித்தாள்.